நெருப்பைக் கூட்டிப் போட்டால் யாருக்கு லாபம்?



நேற்று நமது ஊர் வட்ஸ்அப் குழுவில் காஸா படம் ஒன்று வந்தது. இடிந்த கட்டடம், பெரும் நெருப்பு. உற்றுப் பார்த்தால் ஒரே சுவாலை இரண்டு இடத்தில் அச்சொட்டாக இருக்கிறது. யாரோ நெருப்பைக் கூட்டியிருக்கிறார் என்று எழுதினேன். உடனே பதில்: "சேர், அங்க சனம் சாகுறது உண்மைதானே? கொஞ்சம் கூட்டினா என்ன?"

என்ன என்று சொல்கிறேன்.

2006 ஓகஸ்டில் பெய்ரூட்டில் இஸ்ரேல் குண்டு போட்டது உண்மை. புகை எழுந்ததும் உண்மை. ரொய்ட்டர்ஸுக்குப் படம் எடுத்த அத்னான் ஹஜ் அந்தப் புகையைக் கணினியில் கூட்டிக் கறுப்பாக்கி அனுப்பினார். பிடிபட்டதும், தூசியைத்தான் அழித்தேன் என்றார். இன்னொரு படத்திலும் கைவைத்தது தெரிய வந்தது. ரொய்ட்டர்ஸ் அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து நீக்கியது. பிழை கண்டது இரண்டில், போனது 920. குண்டு போட்டவர்களுக்கு இதைவிட நல்ல பரிசு யார் கொடுத்திருப்பார்?

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2009 ஓகஸ்டில் சனல் 4, கைகள் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் காணொளியை வெளியிட்டது. அது போலி என்றது அரசாங்கம். ஐ.நா. அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் நியமித்த மூன்று நிபுணர்கள் ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் சொன்னார்கள். உண்மையானதற்கே இவ்வளவு பாடு. நாமே பொய்யும் கலந்து கொடுத்தால், மறுப்பவனுக்கு வேலை மிச்சம்.

2017 மார்ச்சிலிருந்து முல்லைத்தீவில் பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு நீதி கேட்கும் தாய்மாரை நினையுங்கள். அவர்கள் கையில் இருப்பது அந்தப் படம் மட்டும்தான். படம் என்றாலே பொய் என்ற எண்ணத்தை ஊரில் வளர்த்தால் முதலில் அடி விழுவது அவர்களுக்கு.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1990 ஒக்டோபரில் எங்கள் உம்மா ஊரை விட்டு வெளியேறிய பயணத்தின் ஒரு படமும் எங்கள் வீட்டில் இல்லை. அதற்காக வேறு எங்கோ எடுத்த அகதிகளின் படத்தைப் போட்டு "இதுதான் நாங்கள்" என்று சொல்லலாமா? சொன்னால், உம்மா வாயால் சொல்லும் உண்மையையும் நாளை யாரும் நம்பமாட்டார்கள்.

காஸாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊடகவியலாளர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் எடுத்த உண்மைப் படங்கள் போதாதென்றா நாம் நெருப்பைக் கூட்டுகிறோம்? செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் ஸூரதுல் ஹுஜுராத்தை ஓதுகிறோம். கையில் போன் வந்ததும் மறந்துவிடுகிறோம்.

பகிருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் எடுத்தது? எங்கே? எப்போது? பதில் இல்லையென்றால் நிறுத்துங்கள்.

அந்தப் படம் இன்னும் நமது குழுவில் இருக்கிறது. போட்ட தம்பியே அதை அழிப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.