குற்றாலம் போனால் பரோட்டா மட்டும்தானா?

சாரல் விழுந்தால் போதும், கார்கள் கிளம்பிவிடும். அருவியில் குளித்து முடித்ததும் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "பார்டர் கடைக்கு எப்படிப் போறது?"

பிரானூர் பார்டரில் காத்து நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த எல்லை 1956-லேயே மேற்கே நகர்ந்துவிட்டது என்று? திருவிதாங்கூர் பக்கம் இருந்த செங்கோட்டை அப்போதுதான் இந்தப் பக்கம் வந்தது. எல்லை போயாச்சு, பெயரும் கூட்டமும் போகவில்லை!

பரோட்டா ருசிதான், மறுப்பில்லை. ஆனால் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் மேலகரத்தை ஹாரன் அடித்தபடியே கடந்து போகிறார்களே, அதுதான் கொடுமை. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. இந்தப் பக்கத்து வீடுகளில் கறுப்பு உளுந்து போட்ட உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், தேங்காய்ப்பால் சொதி, கூட்டாஞ்சோறு எல்லாம் உண்டு. சீசன் கடைப் பலகையில் தேடினால்? ஃபிரைட் ரைஸ்!

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கேட்பதைத்தானே அவர் போடுவார்? சென்னையில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் ஃபிரைட் ரைஸைத் தின்ன 600 கிலோமீட்டர் வரணுமா?

அடுத்த முறை, "அண்ணாச்சி, உளுந்தஞ்சோறு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்காவது இலையில் விழும்.