மானியம் யார் பெயருக்கு வருகிறது?

பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வருகிறது. 1976ஆம் ஆண்டிலிருந்து இப்படித்தான். பின்பு அது சுது கங்கையில் சேர்ந்து, அம்பன் கங்கை வழியாக உலர்வலய வயல்களுக்குப் போய்விடுகிறது. கரையில் இருக்கும் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அரசாங்கத்தின் உர மானியமும் நம்மில் பலருக்கு இப்படித்தான் கடந்து போகிறது.

நாம் யார்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின் தோட்டங்களைவிட்டு வெளியேற நேர்ந்தவர்கள், 1977, 1983 வன்செயல்களில் வீடுவாசல் இழந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். உறுதி என்று காட்ட நம்மிடம் ஒரு தாள்கூட இல்லை. பிறருடைய வயலை வாரத்துக்குச் செய்கிறோம். மேட்டுத் துண்டில் மிளகும் மரக்கறியும் வைக்கிறோம்.

உர மானியம் 1962இல் தொடங்கியது. 2005இல் நெல்லுக்கான 50 கிலோ மூடை 350 ரூபாவாக்கப்பட்டது. 2016இல் மூடைக்குப் பதில் பணம், 2018இல் மீண்டும் மூடை, 500 ரூபா, 2020இல் இலவசம். 2021இல் இரசாயன உர இறக்குமதியே தடைசெய்யப்பட்டது. மானிய உரத்தைக் கண்ணாலும் காணாத நாம் அந்தத் தடையின் நட்டத்தை மட்டும் முழுதாக அனுபவித்தோம். அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது; வாங்கிய கடன் நீங்கவில்லை. பின்பு மீண்டும் பணமே வந்தது. 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா என அறிவித்தார்கள்.

மூடையானாலும் பணமானாலும் அது போவது கமநல சேவை நிலையத்தின் ஏட்டில் பெயர் உள்ளவருக்கே. அந்த ஏட்டில் வாரக்குடியின் பெயரையும் எழுத 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் காணிக்காரர் சம்மதிப்பதில்லை. ஏன்? 1958 நெற்காணிச் சட்டத்திலிருந்தே வாரக்குடியை எளிதில் எழுப்பிவிட முடியாது. பெயர் எழுதினால் வயல் கைவிட்டுப் போகும் என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தை நாம் பழிக்கவும் முடியாது. அவரில் பலருக்கும் இருப்பது அரை ஏக்கர்தான். நம்மைக் காக்க வந்த சட்டமே நம் பெயரை ஏட்டுக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறது!

இது இங்கு மட்டுமுள்ள கதையன்று. இந்தியாவில் தெலங்கானா மாநிலம் 2018இல் தொடங்கிய 'ரைத்து பந்து' உதவி பட்டா உள்ளவருக்கே போனது. குத்தகை உழவர் விடுபட்டார்கள். அதே ஆண்டில் ஒடிசா அறிவித்த 'காலியா' திட்டமோ குத்தகைக்காரரையும் காணியற்றவரையும் சேர்த்துக்கொண்டது. மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு அது போதும்.

எமது கருத்து இதுதான்: காணி உரிமை வேறு, போகத்து உதவி வேறு. இந்தப் போகத்தில் இந்த வயலை உழுதவர் இன்னார் என்று கமக்காரர் அமைப்பு கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். அதைக்கொண்டு வாரக்குடி காணி உரிமை கோர முடியாது என்று தெளிவாக எழுதிவிட்டால் காணிக்காரரும் மறுக்கமாட்டார். பணம் உழுதவர் கணக்குக்குப் போகட்டும்.

அதுவரை, விதைப்புக்கு முன்பே மானியத்தில் நம் பங்கைக் காணிக்காரரிடம் பேசி, இரண்டு சாட்சிகளோடு தாளில் எழுதிக்கொள்வோம். அறுவடையன்று களத்தில் நின்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.