இரண்டு பைகள்

சென்ற ஜூன் மாத இறுதியில் ஒருநாள், மாலைத் திருப்பலி முடிந்து கோவிற்பிள்ளை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி நம்மைக் காண வந்தாள். கல்லூரியில் தொடர்பியல் பயிலும் 20 வயதினள். சிறுமியாய் இருந்தபோது மறைக்கல்வி வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்து, விடை எளிதில் அகப்படாத கேள்விகளைக் கேட்டு நம்மைத் திணறடித்தவள். பாடத்திட்டத்தின்படி ஆறு வாரங்கள் சென்னையிலுள்ள ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் பயிற்சி பெற்று, அன்றுதான் ஊர் திரும்பியிருந்தாள்.

“ஃபாதர், இது பாவசங்கீர்த்தனம் அல்ல, ஆனால் ஏறக்குறைய அதைப்போன்ற ஒன்று” என்று தொடங்கினாள். அவள் கூறியவற்றை அவளுடைய இசைவு பெற்றே இங்கு எழுதுகிறோம்.

மக்கள் தொடர்பு என்னும் தொழில் யாது என்று வாசகருள் சிலர் வினவக்கூடும். விளம்பரம் செய்வோர் நாளிதழில் இடத்தைப் பணம் கொடுத்து வாங்குகின்றனர். மக்கள் தொடர்பினரோ தம் வாடிக்கையாளரின் பெயர் செய்தியாகவே அவ்விடத்தைப் பெறுமாறு வழிவகுக்கின்றனர். அதற்கென விழாக்களும் பத்திரிகையாளர் சந்திப்புகளும் ஏற்பாடு செய்யப்படுகின்றன. அவ்விழாக்களில் ஓடியாடும் சிறு கைகளும் கால்களுமே பயிற்சியாளர்கள். நிருபர்களைத் தொலைபேசியில் அழைத்து வருகையை உறுதி செய்வது, செய்திக் குறிப்பை நகலெடுத்து உறையிலிடுவது, மேடையின் பின்னே தொங்கும் பதாகை சுருங்காமல் கட்டப்பட்டுள்ளதா என்று பார்ப்பது, குத்துவிளக்கு ஏற்றும் கணத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது ஆகிய யாவும் இவர்கள் பொறுப்பு. மறுநாள் காலையில் வேறொரு வேலை உண்டு. எல்லா நாளிதழ்களையும் புரட்டி, வெளிவந்த செய்தியை வெட்டியெடுத்து, அளவுகோலால் அளந்து, அத்தனை இடத்தை விளம்பரமாக வாங்கியிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு எழுத வேண்டும். இக்கணக்கு மக்கள் தொடர்பின் உண்மை மதிப்பைக் காட்டாது என்று 2010ஆம் ஆண்டிலேயே பார்சலோனா நகரில் கூடிய இத்துறை வல்லுநர்கள் அறிவித்துவிட்டனர். எனினும் அவள் பயின்ற அலுவலகத்தின் மேசையில் அளவுகோல் இன்னும் கிடக்கின்றது.

முதல் மூன்று வாரங்கள் மகிழ்ச்சியாகவே கழிந்தனவாம். நகைக்கடைத் திறப்பு விழா ஒன்று. அதற்கு வந்த திரைநடிகையைக் காணத் தெருவே திரண்டது. கைப்பேசிக் கடை ஒன்று. மருத்துவமனைப் புதுக்கட்டடம் ஒன்று. தொழில் நுணுக்கங்களைக் கற்கும் ஆர்வத்தில் பசியும் களைப்பும் அவளுக்குத் தோன்றவில்லை. நான்காம் வாரம் பள்ளிகள் திறந்தன. நகருக்குப் புறத்தேயுள்ள ஒரு பள்ளியில், ஏழை மாணவர் 200 பேருக்கு ஒரு நிறுவனத்தின் சார்பில் புத்தகப் பை வழங்கும் விழா ஏற்பாடாயிற்று.

விழா நேரம் காலை 10 மணி. குழந்தைகள் 9 மணிக்கே பந்தலில் வரிசையாக அமர்த்தப்பட்டனர். சிறப்பு விருந்தினர் வந்திறங்கியபோது மணி 12.15. இடையில் தண்ணீர் குடிக்க அனுப்பினால் வரிசை கலைந்துவிடும் என்றும், விருந்தினர் எந்நேரமும் வந்துவிடக்கூடும் என்றும் மேலாளர் கூறினார். வரிசையைக் காப்பது நம் பெண்ணின் கடமை. அவளும் காத்தாள்.

மேடைக்கெனப் பத்துக் குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். முதலில் நின்றவள் ஆறாம் வகுப்புச் சிறுமி. விருந்தினர் பையை நீட்டினார். சிறுமி இரு கைகளாலும் பெற்றுக்கொண்டாள். நிறுவனத்தின் பெயர் பொறித்த பக்கம் பின்னால் போய்விட்டது என்றார் புகைப்படக்காரர். நம் பெண் மேடையேறி, சிறுமியிடமிருந்து பையை வாங்கித் திருப்பி விருந்தினர் கையில் கொடுத்தாள். இரண்டாம் முறை விருந்தினரின் கண்கள் மூடிக்கொண்டன. மறுபடியும் பை வாங்கப்பட்டது. மூன்றாம் முறைக்கு ஆயத்தமானபோது, அச்சிறுமி நம் பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, மெல்லிய குரலில் கேட்டாளாம்:

“அக்கா, இந்தத் தடவை வாங்கினா பை எனக்குத்தானே?”

இதைக் கூறும்போது அப்பெண்ணின் குரல் இடறிற்று. சற்று நேரம் நாமும் பேசவில்லை.

மறுநாள் ஒரு நாளிதழில் படம் வெளிவந்தது. மூன்று பத்தி அகலம், 12 சென்டிமீட்டர் உயரம். படத்தின் கீழே விருந்தினர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இருந்தன. சிறுமிக்குப் பெயர் இல்லை. உயர்த்திப் பிடித்த பை அவள் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. அதை வெட்டி, அளந்து, விலை போட்டு எழுதியவள் நம் பெண்ணே. மேலாளர் பாராட்டினார், படிப்பு முடிந்ததும் வேலைக்கு வரலாம் என்றும் கூறினார்.

“ஃபாதர், 200 பேருக்கும் பை கிடைத்தது உண்மை. செய்தியில் ஒரு பொய்கூட இல்லை. பிறகு ஏன் எனக்கு உறக்கம் வரவில்லை?” என்று கேட்டாள்.

நாமோ நம் வழக்கப்படி நூலறிவைக் கொண்டு விடையிறுக்கத் தொடங்கினோம். செய்திக்கெனவே நிகழ்ச்சியைப் படைக்கும் கலை புதியதன்று என்றோம். 1929ஆம் ஆண்டு மார்ச் 31, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று, நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில் இளம்பெண்கள் சிலர் ஊர்வலத்தினிடையே சிகரெட்டைப் பற்றவைத்தனர். அவை ‘விடுதலைத் தீப்பந்தங்கள்’ என அழைக்கப்பட்டன. பெண்ணுரிமைக் குரலாக அது நாளிதழ்களில் வெளிவந்தது. அதனைத் திட்டமிட்டவர் எட்வர்ட் பெர்னேஸ். அவருக்கு ஊதியம் அளித்ததோ ஒரு புகையிலை நிறுவனம். ஊர்வலத்தில் சென்ற பெண்களுள் பெர்னேஸின் செயலாளரும் ஒருவர். படித்தவர்களுக்கு இது தெரியாது.

அத்தொழிலுக்கும் மனச்சாட்சி உண்டு என்றோம். 1965இல் ஏதென்ஸ் நகரில் பன்னாட்டு மக்கள் தொடர்புச் சங்கம் ஒரு நெறித்தொகுப்பை ஏற்றது. மனித மாண்பையும் மனித உரிமைகளையும் அது அடிப்படையாகக் கொண்டது. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 21இல் புதுதில்லியில் கூடிய அகில இந்திய மாநாடு, இத்துறையினர்க்கு ஒழுக்க நெறிகளை ஏற்றுக்கொண்டது. அந்நாளே இன்று நம் நாட்டில் மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 1997இல் திருப்பீடத்தின் சமூகத் தொடர்பு அவை விளம்பர அறநெறி பற்றி வெளியிட்ட ஏடு, உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு என மூன்று அளவைகளை முன்வைத்தது. “நீ கண்ட விழா முதல் அளவையில் தேறியது, இரண்டாவதில் தவறியது. உன் உறக்கம் கலைந்ததற்குக் காரணம் அதுவே” என்றோம்.

சட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூக நலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தன் பொருளை விற்கும் நோக்கோடு செய்யும் ஆதரவு இக்கணக்கில் சேராது என 2021ஆம் ஆண்டின் திருத்த விதிகள் கூறுகின்றன. கொடைக்கும் விளம்பரத்துக்கும் இடையே ஒரு கோடு உண்டு என்பதைச் சட்டமே உணர்ந்துள்ளது என்றோம்.

விளம்பரம் முழுவதும் தீதன்று என்பதையும் எடுத்துரைத்தோம். போலியோ சொட்டு மருந்து முகாம்கள் நம் நாட்டில் 1995இல் தொடங்கின. சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் வானொலியும் அவற்றை வீடுதோறும் அறிவித்தன. சிறு குழந்தையின் சுண்டுவிரலில் இட்ட மையைக்கூட நாம் மறக்கவில்லை. 2011 ஜனவரிக்குப் பின் இந்நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரசு எவரையும் முடக்கவில்லை. 2014 மார்ச் 27இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. அங்கும் படம் எடுத்தார்கள். ஆனால் குழந்தைக்காகவே அப்படம் இருந்தது.

எல்லாவற்றையும் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்த அப்பெண், இறுதியில் தயங்கித் தயங்கி, “கோபித்துக்கொள்ளாதீர்கள், ஃபாதர். போன கிறிஸ்துமஸுக்கு நம் கோவில் வளாகத்தில் விதவைத் தாய்மார்களுக்குச் சேலை கொடுத்தோமே, நினைவிருக்கிறதா?” என்று கேட்டாள்.

நினைவிருந்தது. பந்தல், பதாகை, நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல் அனைத்தும் நினைவிருந்தன. முதல் சேலை பெற வந்த மூதாட்டி ஒருவர் கூச்சத்தால் முந்தானையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டதும் நினைவிருந்தது. “பாட்டி, முந்தானையை எடுத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புங்கள்” என்று சொன்னவர் புகைப்படக்காரர் அல்லர், நாமே. அப்படம் இவ்விதழின் பின்பக்கங்களில் பங்குச் செய்திகளுள் ஒன்றாக வெளிவந்தது. அதை அனுப்பி வைத்தவரும் நாமே.

சென்னை மேலாளர் மீது நாம் அடுக்கிய நூலறிவு அனைத்தும் அக்கணமே நம் பக்கம் திரும்பி நின்றது. அன்று நாம் அவளுக்கு விடை சொல்லி அனுப்பவில்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பினோம்.

பின்னர் நம் அறையில் அமர்ந்து மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவை மீண்டும் படித்தோம். ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர், நம் நற்செயல்களை மக்கள் கண்டு விண்ணகத் தந்தையைப் போற்றும்படி நம் ஒளி ஒளிரட்டும் என்கிறார். ஆறாம் அதிகாரத்திலோ, தருமம் செய்யும்போது எக்காளம் ஊத வேண்டா, வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டா என்கிறார். ஒரே மலையில், ஒரே உரையில் கூறப்பட்ட இரண்டும் முரண்படுமோ? முரண்படா என்றே உணர்ந்தோம். விளக்கை ஏற்றுவது வீட்டிலுள்ளோர் வழி காண்பதற்காக. விளக்கின் அழகை மெச்சுவதற்காக அன்று. செய்தியால் யாருக்கு வெளிச்சம் கிடைக்கிறது என்பதே கேள்வி. பெறுபவரின் முகத்தைக் கொடுப்பவரின் பெயர்ப்பலகையாக்கினால், அது எக்காளமே. அந்த எக்காளத்துக்கு ஆகும் செலவை ஏழை தன் வெட்கத்தால் செலுத்துகிறார்.

இவ்விடத்தில் வேறொரு பை நம் நினைவுக்கு வந்தது. 1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23இல் பாரிஸ் நகரில், பிரடெரிக் ஓசானாம் என்னும் மாணவர் தம் நண்பர்களோடு தொடங்கியதே இன்று உலகெங்கும் பரவியுள்ள வின்சென்ட் தே பவுல் சபை. அன்று அவருக்கு வயது 20. நம் பெண்ணின் வயதே. 1997இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அச்சபையினர் இருவர் இருவராக ஏழையரை அவர்தம் இல்லங்களிலேயே சென்று காண்பர். கூட்டத்தின்போது ஒரு பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் கையை உள்ளே விட்டு இயன்றதை இடுவர். பணம் இட்டவர் யார், இல்லாமையால் வெறுங்கையை விட்டு எடுத்தவர் யார் என எவரும் அறியார். இரகசியக் காணிக்கை என்பது அதன் பெயர். நம் பங்கிலும் அப்பை வாரந்தோறும் சுற்றி வருகின்றது. அதனை எந்த அளவுகோலும் இதுவரை அளந்ததில்லை.

வரும் கிறிஸ்துமஸுக்குச் சேலைகள் மேடையில் வழங்கப்படமாட்டா. சபையினர் வழியே இல்லங்களுக்கே சென்று சேரும். கணக்கு மட்டும் அறிவிப்புப் பலகையில் இடம்பெறும். நன்கொடை தந்தோர்க்குக் கணக்கு காட்டுவது நீதி. ஏழையைக் காட்டுவது நீதியாகாது.

அந்த மூதாட்டியையும் அவருடைய குடிசையில் சென்று கண்டு, அன்று நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தோம். அவர் சிரித்தார். “அதுக்கென்ன சாமி! என் போட்டோ புத்தகத்துல வந்துச்சாமே. ஊரெல்லாம் பார்த்திருக்கு. எனக்குத்தான் யாரும் காட்டல” என்றார். அவ்விதழின் பிரதியைக் கூட அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லையே! மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அப்பெண் அவ்வேலையை மறுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மனச்சாட்சி உடையோர் அத்தொழிலைவிட்டு விலகினால் அங்கு எஞ்சுவது அளவுகோல் மட்டுமே. தன் பயிற்சி அறிக்கையின் முடிவில் அவள் மூன்று பரிந்துரைகளைச் சேர்த்திருக்கிறாள்: காத்திருக்கும் குழந்தைகளுக்கு நிழலும் நீரும் தர வேண்டும்; விருந்தினர் வருமுன்பே பைகளை ஆசிரியர் வகுப்பறையில் வழங்கிவிட வேண்டும்; படம் எடுப்பதாயின் பெற்றோரையும் குழந்தையையும் கேட்டு எடுக்க வேண்டும். நிறுவனத்திடமிருந்து இதுவரை பதில் வரவில்லை.

வாசக அன்பர்களே, பிறந்த நாளன்று அநாதை இல்லத்துக்கு உணவு கொண்டு செல்கிறோம். புதுமனை புகுவிழாவில் ஏழையர்க்கு ஆடை தருகிறோம். கையோடு கைப்பேசியையும் எடுத்துச் செல்கிறோம். அதை உயர்த்துமுன், பெறுபவர் இடத்தில் நம் மகளோ தாயோ நின்றால் இப்படத்தை எடுப்போமா என்று எண்ணிப் பார்ப்போமாக. கொடுப்பதை ஒரே முறையில், முழுமையாகக் கொடுப்போமாக. ‘இந்தத் தடவையாவது இது எனக்குத்தானே?’ என்று எக்குழந்தையும் நம்மைக் கேட்க நேராதிருப்பதாக.