பழியெல்லாம் பாட்டரி மீதா?

அதிகாலை நேரம். ரயிலுக்குப் போக வேண்டும். பெட்டி படுக்கைகளுடன் எல்லோரும் காரில் ஏறியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் "டக் டக்" என்று சப்தம். என்ஜின் அசையவில்லை!

மெக்கானிக் வருகிறார். மூடியைத் திறந்து பார்க்கிறார். "பாட்டரி போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்கிறார். பல ஆயிரம் ரூபாய் கை மாறுகிறது. கார் கிளம்புகிறது. சொந்தக்காரருக்கு நிம்மதி.

இரண்டே வாரம். மறுபடியும் அதே "டக் டக்"!

கடைசியில் தெரிந்த உண்மை என்ன? பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் தளர்ந்திருந்தது. பழைய பாட்டரி சாகவில்லை. பட்டினி கிடந்தது, அவ்வளவுதான். புதிய பாட்டரியும் அதே பட்டினியில் விழுந்தது.

பல வீடுகளில் நடக்கும் கதை இது. சோதிக்காமல் பாட்டரியை மாற்றும் வழக்கம் ஒழிய வேண்டும்.

தொட்டியும் மோட்டாரும்

மாடியில் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் உடனே புதுத் தொட்டி வாங்குவார் உண்டா? தொட்டியில் ஓட்டையா, மோட்டார் இறைக்கவில்லையா, குழாய் ஒழுகுகிறதா என்றுதானே பார்ப்பார்கள்!

காரிலும் அதே கணக்குதான். பாட்டரி என்பது தொட்டி. ஆல்டர்னேட்டர் என்பது மோட்டார். ஒயர்கள்தான் குழாய்கள். பாட்டரியின் முக்கிய வேலை என்ஜினைச் சுழற்றிக் கிளப்புவது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் விளக்குக்கும் ஏ.சி.க்கும் மின்சாரம் கொடுத்து, பாட்டரியையும் நிரப்புவது ஆல்டர்னேட்டர்.

1912-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடியைச் சுழற்றிக் காரைக் கிளப்பும் தொல்லை அதன் பின் குறைந்தது. மனிதன் கை செய்த வேலையைப் பாட்டரி ஏற்றுக்கொண்டது. பழியையும் சேர்த்து!

காது கொடுத்துக் கேளுங்கள்

சாவியைத் திருப்பும்போது எழும் சப்தமே பாதி நோயைச் சொல்லிவிடும்.

என்ஜின் முனகிக்கொண்டு மெதுவாகச் சுழன்றால் பாட்டரியில் பலம் குறைவு. படபடவென்று "டக் டக்" சப்தம் வந்து விளக்கும் மங்கினால், பாட்டரி காலியாகியிருக்கலாம். அல்லது முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்திருக்கலாம். விளக்கு பளிச்சென்று எரிய, ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும். என்ஜின் வேகமாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையா? பாட்டரி நிரபராதி! பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி விழுகிறதா என்று தேட வேண்டும்.

மீட்டரின் சாட்சி

சந்தேகம் தீர, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும்.

இரவு முழுவதும் ஓய்ந்திருந்த சாதாரணக் கார் பாட்டரியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இறங்கினால் ஏறக்குறைய காலி.

ஆனால் ஓய்வில் நன்றாக இருப்பது மட்டும் போதாது. ஸ்டார்ட் செய்யும்போதும் பார்க்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பாட்டரி அப்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் அது தளர்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

என்ஜின் ஓடும்போது பல கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். 12.6-ஐத் தாண்டவே இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் ஊட்டவில்லை. 15-க்கு மேலே ஏறினால் அதிகமாக ஊட்டுகிறது. பாட்டரி கொதித்து நீர் வற்றும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் சார்ஜ் ஏறும் புதிய கார்களில் அளவு ஏறி இறங்கும். ஒரே தடவை பார்த்துத் தீர்ப்புக் கூறக்கூடாது.

தூங்கும்போது திருட்டு

நிறுத்தி வைத்த காரிலும் கடிகாரமும் அலாரமும் துளித் துளியாக மின்சாரம் குடிக்கின்றன. 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம். சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பாட்டரியை அந்தத் துளியே 29 நாளில் தீர்த்துவிடும்! 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது வாரக்கணக்கில் நின்ற கார்கள் கிளம்ப மறுத்ததற்கு இதுவே காரணம்.

டிக்கி விளக்கு அணையாமல் இருந்தாலோ, பிறகு பொருத்திய காமிரா தூங்காமல் இருந்தாலோ கசிவு அரை ஆம்பியர் ஆகலாம். அப்போது மூன்று நாள் கூடத் தாங்காது. பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் திருடன் அகப்படுவான்.

பழைய தந்திரம் வேண்டாம்

என்ஜின் ஓடும்போதே பாட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கம் டைனமோ காலத்தது. இன்றைய காரில் அதைச் செய்தால் மின் அழுத்தம் திடீரென்று எகிறும். என்ஜின் கம்ப்யூட்டரே கருகலாம். பாட்டரியை விடப் பல மடங்கு செலவு!

இன்னொரு ஜாக்கிரதையும் அவசியம். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் தீக்குச்சியோ சிகரெட்டோ கூடாது. ஒயரைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

கேட்கும் உரிமை

பாட்டரி சாகாத வரம் பெற்றதல்ல. வெயில் அதிகமான ஊர்களில் அதன் ஆயுள் குறைவு. மாற்ற வேண்டிய காலம் வரும். ஆனால் "போய்விட்டது" என்ற ஒரு வார்த்தை மட்டும் சாட்சியாகாது.

டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கு ஒரு பாட்டரியின் விலை பல நாள் உழைப்பு. மீட்டரை வைத்து மூன்று அளவுகளையும் அவர் கண்முன் காட்டுவது பட்டறைக்காரரின் கடமை. அதைக் கேட்பது வாடிக்கைக்காரரின் உரிமை. இதற்கு ஐந்து நிமிஷம் கூட ஆகாது.

உண்மையிலேயே பாட்டரி மாண்டிருந்தால் அதைக் கண்ட இடத்தில் போடக்கூடாது. உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம் ஈயம். பழைய பாட்டரியை முறையாகச் சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2022-ம் ஆண்டு மத்திய அரசு விதிகள் கூறுகின்றன.

விசாரணை செய்யாமல் தண்டனை கொடுப்பது நியாயமா? பாட்டரிக்கும் அந்த நியாயம் உண்டு. அதனால் மிச்சமாவது கார்க்காரரின் பணம்!