பிரேக் கத்துகிறது, கண்ணாடியை ஏற்றுகிறோம்!

டாக்சி, லாரிக்கெல்லாம் எப்.சி. உண்டு. முதல் 8 வருடம் 2 வருடத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம். பிரேக்கையும் பார்ப்பார்கள்.

சொந்தக் கார்? பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடம் கேட்க ஆளில்லை. புகைக்குச் சான்றிதழ் உண்டு. பிரேக்குக்கு இல்லை!

அதனால்தான் அண்ணா சாலை சிக்னலில் 'கீச்' என்று கத்திக்கொண்டு வந்து நிற்கிறது கார். ஓட்டுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொள்கிறார்.

அந்தச் சத்தம் சும்மா வருவதில்லை. புது பிரேக் பேட் சுமார் 10 மில்லி மீட்டர் கனம். அது 2, 3 மில்லி மீட்டராகத் தேய்ந்ததும் டிஸ்கில் உரசிச் சத்தம் போடவே, பல கார்களில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். (மழை பெய்த மறுநாள் காலை முதல் இரண்டு மிதியில் வரும் சத்தம் வேறு. அது துரு. தானே போய்விடும்.)

'கீச்' போய் 'கரகர' வந்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது. பேட்டோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க்குக்கும் போகும்.

'ஆயில் ஊத்திட்டேன் சார்!'

சிவப்பு விளக்கு எரிகிறது. பிரேக் ஆயிலை ஊற்றுகிறார்கள். விளக்கு அணைகிறது. நிம்மதி!

பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். ஊற்றினால் விளக்குதான் அணையும். தேய்ந்த பேட் வளருமா? எங்காவது கசிந்தாலும் இதே விளக்குதான் எரியும். அதையும் மெக்கானிக்தான் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துச் சொல்ல முடியும்.

'இத்தனை ஆயிரம் கிலோ மீட்டர் ஓடட்டும், பார்க்கலாம்' என்பதும் சரிப்படாது. சிக்னலுக்குச் சிக்னல் மிதிக்கிற காரும், நெடுஞ்சாலையில் ஓடுகிற காரும் ஒன்றா?

ஆயிலுக்கும் வயதுண்டு. நாளாக ஆக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது, கீழ் கியரில் வராமல் பிரேக்கையே மிதித்து வந்தால் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகும். பெடல் 'பொதக்' என்று உள்ளே போகும். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரே விநாடியில் கார் 50 அடிக்கு மேல் ஓடிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழுதான வண்டியை ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பின் 1,500 ரூபாய் வரை அபராதம். அதனால் விபத்தாகி யாராவது காயப்பட்டால் 3 மாதம் வரை ஜெயில் கூட உண்டு. 'எனக்குத் தெரியாதுங்க' என்றால் விடமாட்டார்கள். சாதாரணக் கவனத்திலேயே கண்டுபிடித்திருக்கக் கூடிய கோளாறு என்றாலே போதும்.

ஒரு மாதமாகக் கத்துகிற பிரேக் அதில் வராதா?