உரிமையை தர்மமாக்கும் வினை

ரேஷன் அரிசியை அரசு ‘டோல் அவுட்’ செய்தது என்று ஆங்கில நாளேடுகள் எழுதுவதில் தவறே இல்லை என்று சென்ற இதழில் ஓர் ஆங்கிலப் பேராசிரியர் சாதித்திருக்கிறார். அகராதியில் ‘விநியோகி’ என்றுதான் பொருள் இருக்கிறதாம். அதில் அவமதிப்பைத் தேடுகிறவர்களுக்கு ஆங்கிலம் போதாதாம்.

அகராதியில் முதல் சொல்லைப் பார்த்ததும் மூடிவிட்டால் இப்படித்தான் எழுத வரும். தேர்வறையில் வினாத்தாள் கொடுப்பது ‘ஹேண்ட் அவுட்’ அல்லது ‘கிவ் அவுட்’. இருப்பதைப் பங்கு பிரிப்பது ‘ஷேர் அவுட்’. ‘டோல் அவுட்’ அப்படியல்ல. அதில் கொடுக்கிறவர் மேலே நிற்கிறார். மனமிரங்கி, பெரும்பாலும் கை சுருக்கி, கொடுக்கிறார். தண்டனைக்கும் அறிவுரைக்கும் இதே வினை வருவது சும்மா இல்லை. பேராசிரியரின் சம்பளத்தைக் கல்லூரி ‘டோல் அவுட்’ செய்தது என்று எழுதினால் ஒப்புக்கொள்வாரா?

பழைய ஆங்கிலத்தில் ‘டோல்’ என்றால் பங்குதானே என்கிறார். உண்மைதான். நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணமும்தான். அதற்காக விருந்துக்குப் போன வீட்டில் ‘உங்கள் சாப்பாடு நாற்றம்’ என்று யாராவது சொல்வார்களா?

ரேஷன் கடையில் ஒரு பெண் விரல்ரேகை வைக்கிறார். இயந்திரம் ஏற்கவில்லை, புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். எடையாளர் அரிசியைக் கொட்டும்போது அந்தப் பெண்ணின் கண் தராசு முள்ளை விட்டு அகலுவதில்லை. கால் கிலோ குறைந்தால் அங்கேயே சண்டை. பிச்சை வாங்குகிறவர் எடைக்குச் சண்டை போடுவதில்லை. தன் பொருள் என்று தெரிந்தவர்தான் போடுவார்.

அவர் பக்கம் சட்டமும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், அந்த்யோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. உரிய தானியத்தைத் தராவிட்டால் மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படியைப் பணமாகத் தர வேண்டும். தராமல் போனதற்கு ஈடு கட்டும் தர்மத்தைப் பேராசிரியர் எங்கே கண்டார்?

சொல்லை மாற்றினால் யார் வயிறு நிறையும் என்று கேட்டு முடித்திருக்கிறார். வயிற்றுக்குத்தான் இந்த வாதமே. தர்மம் என்று ஊரை நம்ப வைத்துவிட்டால், நிதி நெருக்கடி என்ற ஒரு வரியோடு அதை நிறுத்திவிடலாம், கேட்க ஆளிருக்காது. உரிமையைக் குறைக்க நினைக்கிறவர் நாடாளுமன்றத்துக்கு வந்து சட்டத்தைத் திருத்தி, வாக்களித்தாக வேண்டும்.