பொடிக் கிழங்கு விதைக்கல்ல, தோசைக்கல்லுக்கு!

உருளைக்கிழங்கு தோண்டி முடித்ததும் குவியல் மூன்றாகப் பிரிகிறது. பெரிய கிழங்கும் நடுத்தரக் கிழங்கும் மூட்டையில் ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகின்றன. மூன்றாவது குவியலில் கிடப்பது பொடிக் கிழங்கு. மண்வெட்டி பட்டதும் வெடித்ததும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. இந்த மூன்றாவது குவியலை என்ன செய்வது என்பதில்தான் நீலகிரி, கொடைக்கானல் பகுதிச் சிறு விவசாயிகள் பலர் தமக்குத் தாமே நஷ்டம் தேடிக்கொள்கிறார்கள். மண்டிக்கு அனுப்பினால் சாக்கு, வண்டி, ஏற்றுகூலி கழித்துக் கையில் நிற்பது சொற்பம். எனவே, "இருக்கட்டும், அடுத்த போகத்துக்கு விதையாகும்" என்று மூலையில் கொட்டி வைக்கிறார்கள். அது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஏன் தவறு?

உருளைக்கிழங்கில் நச்சுயிரி நோய் கண்ட செடி குட்டையாகும், இலை சுருளும், கிழங்கு சிறுக்கும். ஆகவே பொடிக் கிழங்குக் குவியலில் நோயுற்ற செடியின் கிழங்குகள் அதிகமாகச் சேர்ந்திருக்கும். அதையே விதைத்தால் நோயைத் தேர்ந்தெடுத்து விதைத்ததாக ஆகிறது. கார்போகத்தில் குறைந்த மகசூல் கடைபோகத்தில் இன்னும் குறையும். விவசாயி உரத்தையும் மழையையும் நொந்துகொள்வார். குற்றம் விதையில் இருக்கும்.

விதைக்கு ஏற்றது 40 முதல் 50 கிராம் எடையுள்ள, நன்கு முளைவிட்ட கிழங்கு. அதாவது ஏறக்குறைய ஒரு கோழிமுட்டை அளவு. அதுவும் எந்தச் செடியில் விளைந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். செடி பூக்கும் தருணத்திலேயே வயலைச் சுற்றி வந்து, குட்டையானதையும் இலை சுருண்டதையும் கிழங்கோடு பிடுங்கிவிட வேண்டும். செழிப்பான செடிகளுக்கு அடையாளக் குச்சி நட்டு, அவற்றின் கிழங்கை மட்டும் தனியே தோண்டி விதைக்கு வைக்க வேண்டும். நூற்புழு உள்ள நிலமானால், அதைத் தாங்கக்கூடிய குஃப்ரி சுவர்ணா போன்ற ரகம் 1985-லேயே வெளிவந்திருக்கிறது. உதகையை அடுத்த முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவரம் கேட்டுக்கொள்ளலாம்.

"ஏக்கருக்கு 1,200 முதல் 1,600 கிலோ விதை வேண்டுமே, அவ்வளவையும் விலை கொடுத்து வாங்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் முழு நிலத்துக்கும் வாங்க வேண்டாம் என்கிறோம். ஐந்து சென்ட் நிலத்துக்கு மட்டும் நல்ல விதை வாங்கி, அதில் விளைவதை விதைக்கென்றே ஒதுக்கினால், ஓரிரு போகத்தில் சொந்த விதை கைக்கு வந்துவிடும். அரசும் சான்று பெற்ற விதையைச் சிறு விவசாயி வாங்கக்கூடிய சிறு அளவில் தரவேண்டும்.

அப்படியானால் பொடிக் கிழங்கு எங்கே போவது? அடுப்படிக்கு! நச்சுயிரி செடியைத்தான் கெடுக்கும். மனிதரை ஒன்றும் செய்யாது. சுவிட்சர்லாந்தில் பெர்ன் பகுதிக் குடியானவர்கள் உருளைக்கிழங்கைத் துருவி, கல்லில் மொறுமொறுவென்று வார்த்துக் காலை உணவாக உண்டு வந்தார்கள். 'ரோஸ்டி' என்ற அந்தக் குடியானவர் பண்டம் இன்று பெரிய ஓட்டல்களில் விற்கிறது. நம் வீட்டுத் தோசைக்கல்லிலும் அது வரும்.

கிழங்கு அடை செய்முறை

ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் கலந்து கிழங்கைப் போடுங்கள். மூழ்குவது மாவுச்சத்து மிகுந்தது; அடைக்கு உகந்தது. மிதப்பதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவித் துருவி, ஒரு தேக்கரண்டி உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு மெல்லிய துணியில் கட்டி, பாத்திரத்தின் மேல் பிடித்து இறுகப் பிழியுங்கள். உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். அது உள்ளேயே இருந்தால் கல்லில் அடை வேகுமே தவிர, மொறுமொறுப்பாகாது. பிழிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அடியில் வெள்ளை மாவு படிந்திருக்கும். மேல்நீரை இறுத்துவிட்டு, அந்த மாவைத் துருவலோடு சேர்க்க வேண்டும். அடை உடையாமல் பிடித்து நிற்பது அதனால்தான்.

பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சீரகம், இரண்டு கைப்பிடி அரிசி மாவு ஆகியவற்றைக் கலந்து உடனே வார்க்க வேண்டும். வைத்திருந்தால் மறுபடி நீர் விடும். இரும்புக் கல் நன்கு காய்ந்ததும் எண்ணெய் விட்டு, கையால் மெல்லியதாகத் தட்டி, நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் விடுங்கள். ஓரம் சிவந்த பிறகே திருப்ப வேண்டும். ஒரே முறைதான் திருப்ப வேண்டும்.

தொட்டுக்கொள்ள, வெடித்த காரட், கோணல் பீட்ரூட், சிறுத்த காலிஃபிளவர், பீன்ஸ் எல்லாம் ஆகும். இவையும் விலை போகாதவைதாமே! விரல் நீளத்துக்கு நறுக்கி, இருப்புச் சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, முதலில் காரட்டையும் பீட்ரூட்டையும், பிறகு மற்றவற்றையும், சின்ன வெங்காயம், பூண்டோடு போட்டு வறுக்க வேண்டும். மூடி போடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், சட்டி நிறையக் கொட்டாதீர்கள். ஆவி அடைபட்டால் காய் குழைந்துவிடும். இறக்கும்போது உப்பும் மிளகுத்தூளும் தூவினால் போதும்.

எச்சரிக்கை

பச்சை நிறம் ஏறிய கிழங்கை உண்ணக்கூடாது. அதிலுள்ள நச்சு வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது. கருகல் நோயால் அழுகியதும் மருந்தில் நனைத்த விதைக் கிழங்கும் அடுப்படிக்கு வரவே கூடாது. நீலகிரியில் 1961-ல் கண்டறியப்பட்ட தங்க நூற்புழு, கிழங்கில் ஒட்டிய மண்ணோடு பரவுவது. எனவே கிழங்கு கழுவிய நீரையும் தோலையும் உருளை பயிரிடும் நிலத்தில் கொட்டாதீர்கள்.

கிழங்கு அடை மண்டி விலையை ஏற்றிவிடாது. அப்படிச் சொல்வது ஏமாற்று. சிப்ஸ் ஆலை வைக்கச் சொல்லும் யோசனைகளும் அரை ஏக்கர்காரருக்கு எட்டாதவை. ஆனால் அடைக்குத் தேவை ஒரு கல், ஒரு துருவி, ஒரு துணி. மகளிர் குழுவினர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, சுற்றுலாப் பயணிகள் வரும் பருவத்தில் சுடச்சுட விற்றால், மூன்றாவது குவியலுக்கும் ஒரு விலை கிடைக்கும். ஏற்கெனவே வேலைப் பளுவில் இருக்கும் பெண்கள் தலையிலேயே இதையும் கட்டக்கூடாது. துருவவும் பிழியவும் ஆண்களுக்கும் கை உண்டு.

விற்காவிட்டாலும் நஷ்டமில்லை. வீட்டுப் பிள்ளைகள் வயிறார உண்பார்கள். நோயுற்ற கிழங்கு மண்ணுக்குத் திரும்பாது. இந்தப் போகம் தோண்டும்போதே மூன்றாவது குவியலைத் தனியே கட்டி அடுப்படிக்கு அனுப்புங்கள். அடுத்த போகத்தின் மகசூலில் பலன் தெரியும்.